வால்வு கிட்டார் ஆம்ப்பில் ஃபியூஸ் போனால் எங்கே தேடுவது?

ஃபியூஸ் போனதும் கை தானாகப் புது ஃபியூஸைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். போன ஃபியூஸ் ஒரு சாட்சி. எந்த ஃபியூஸ் போனது, எந்த நொடியில் போனது, எந்தக் கோலத்தில் போனது என்று மூன்றையும் குறித்துக்கொண்டால், ஆம்ப்பைத் திறக்கும் முன்பே பழுது எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். காரணம் தெரியாமல் அடுத்த ஃபியூஸைப் போட்டால் அதுவும் போகும். சில நேரம் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும்.

எல்லா வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பும் ஒரே அமைப்பு அல்ல. பேச ஒரு மாதிரி வேண்டும் என்பதால் மார்ஷல் ஜேசிஎம்800 வரிசையின் 50 வாட் ஆம்ப்பான 2204-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டு இஎல்34 பவர் வால்வு, மூன்று இசிசி83 சின்ன வால்வு, டிசி ஆக்குவதற்கு சிலிக்கான் டயோடுகள், பின்பக்கம் இரண்டு ஃபியூஸ். ஒன்று மெயின்ஸ் ஃபியூஸ். மற்றது உயர் வோல்டேஜ் பாதைக்கான எச்.டி. ஃபியூஸ். எச்.டி. ஃபியூஸே இல்லாத, டயோடுக்குப் பதிலாக டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு உள்ள ஆம்ப்புக்கு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் நல்ல உதாரணம். அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் உயிர்

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்பது டேப் ரெக்கார்டருக்குச் சரி. வால்வு ஆம்ப்பில் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் 400 முதல் 500 வோல்ட் டிசி-யைப் பிடித்து வைத்திருக்கும். ஃபியூஸ் போன ஆம்ப்பில் இது இன்னும் மோசம். வால்வுகள் மின்னோட்டத்தை இழுக்காவிட்டால் அந்தச் சார்ஜ் வடிய வழி இல்லாமல் போகலாம்.

10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, இரு முனையிலும் ரப்பர் உறை போட்ட க்ரோக்கடைல் கிளிப் வயரைச் சால்டர் செய்து, ரெசிஸ்டர் முழுவதையும் ஸ்லீவில் மூடிவிடுங்கள். ஒரு கிளிப் சேசிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டத்தில்), மற்றது கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனையில். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 5 நொடியில் ஏறக்குறைய காலியாகிவிடும். 10 நொடி வைத்திருங்கள். ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் தனித்தனியாகச் செய்து, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்யும் வித்தை வேண்டாம். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் காலியாக்கிய பிறகும் சில நிமிடத்தில் கொஞ்சம் வோல்டேஜ் மீண்டும் ஊறும். அதனால் வேலை முடியும்வரை அந்தக் கிளிப்பை அப்படியே விட்டுவைப்பது நல்லது. ஆன் செய்யும் முன் எடுத்துவிட மறக்காதீர்கள்.

ஆன் செய்த நிலையில் அளக்க வேண்டி வந்தால் கருப்பு புரோபைச் சேசிஸில் கிளிப் போட்டுவிட்டு, ஒரே கையால் அளங்கள். மற்றக் கை சட்டைப் பைக்குள் இருக்கட்டும். இந்த வோல்டேஜில் வேலை செய்த பழக்கம் இல்லாதவர்கள், சேசிஸைத் திறக்காமல் செய்யக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். அந்தச் சோதனைகளே நிறையச் சொல்லும்.

போன ஃபியூஸ் என்ன சொல்கிறது

பைலட் லாம்ப் எரிகிறது, வால்வுகளில் ஆரஞ்சு வெளிச்சம் தெரிகிறது, ஆனால் சத்தம் மட்டும் இல்லை என்றால் போனது எச்.டி. ஃபியூஸ். எல்லாமே இருட்டு என்றால் மெயின்ஸ் ஃபியூஸ். கண்ணை மட்டும் நம்பாமல் ஃபியூஸைக் கழற்றி மீட்டரில் கன்டினியுட்டி பாருங்கள். முழுசாகத் தெரியும் கம்பி மூடிக்கு உள்ளே அறுந்திருக்கலாம்.

கண்ணாடி உட்புறம் கறுத்தோ, வெள்ளிப் பூச்சு பூசினாற்போல் மின்னியோ இருந்தால் கம்பி வெடித்து ஆவியாகியிருக்கிறது. பெரிய ஷார்ட்: வால்வு, டயோடு, கெப்பாசிட்டர் ஏதோ ஒன்று முழுதாக ஷார்ட் ஆகியிருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தால், அளவுக்குச் சற்று மேலான மின்னோட்டம் கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. பயாஸ் (பவர் வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் மைனஸ் வோல்டேஜ்) கோளாறோ வயதான கெப்பாசிட்டரோ இப்படிச் செய்யும். மூடியின் ஓரம் நிறம் மாறியோ சால்டர் வழிந்தோ இருந்தால் ஆம்ப்பில் குற்றமே இல்லாமல் இருக்கலாம். ஃபியூஸ் ஹோல்டரின் பிடி தளர்ந்து, அந்த இடத்துச் சூட்டில் ஃபியூஸ் இளகியிருக்கும். ஹோல்டரை மாற்றுங்கள்.

அடுத்து, போன ஃபியூஸ் சரியான ஃபியூஸ்தானா? மூடியில் பொறித்த எழுத்தைப் படியுங்கள். முதல் எழுத்து ‘டி’ என்றால் தாமதமாகப் போகும் வகை, ‘எஃப்’ என்றால் சட்டென்று போகும் வகை. இரண்டும் ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துகள். ஆன் செய்த கணத்தில் வால்வின் ஹீட்டர் குளிர்ந்திருக்கும், கெப்பாசிட்டர் காலியாக இருக்கும், டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகமும் ஒரு முறை நிறைய இழுக்கும். அந்த ஒரு கண வெள்ளத்தை ‘எஃப்’ வகை தாங்காது. கடையில் கிடைத்தது என்று ‘எஃப்’ போட்டுவிட்டு, வாரம் ஒரு ஃபியூஸ் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அளவையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இஎல்34 ஒவ்வொன்றின் ஹீட்டரும் 1.5 ஆம்பியர், இசிசி83 ஒவ்வொன்றும் 0.3 ஆம்பியர். ஆக 3.9 ஆம்பியர், 6.3 வோல்ட்டில் ஏறத்தாழ 25 வாட். சும்மா நிற்கும்போது பவர் வால்வு ஒன்றுக்கு 38 மில்லிஆம்பியர் என்றால் 460 வோல்ட்டில் இரண்டுக்கும் சேர்த்து 35 வாட். சின்ன வால்வுகள், டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு எல்லாம் சேர்த்தாலும் 230 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு ஆம்பியரைச் சுற்றித்தான் வரும். முழுச் சத்தத்தில் வாசித்தால் அது இரண்டு மடங்குக்கு மேல் போகும். பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மெயின்ஸ் ஃபியூஸ் அளவு இதற்கெல்லாம் இடம் கொடுத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. எச்.டி. ஃபியூஸ் மார்ஷல் 50 வாட்டுக்கு 500 மில்லிஆம்பியர், 100 வாட்டுக்கு 1 ஆம்பியர். இரண்டும் ‘டி’ வகை.

எந்த நொடியில் போனது

மெயின்ஸ் சுவிட்சைப் போட்ட கணமே போனால்: மெயின்ஸ் வயரிங், பவர் டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, ஹீட்டர் வயரில் ஷார்ட், அல்லது 120 வோல்ட் ஆம்ப்பை 230-ல் செருகியது.

ஸ்டாண்ட்பை சுவிட்சைத் (வால்வு சூடேறிய பிறகு எச்.டி.-யைத் திறந்துவிடும் சுவிட்ச்) தட்டியதும் போனால்: ஃபில்டர் கெப்பாசிட்டர், ஷார்ட் ஆன பவர் வால்வு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். முதல் ஃபில்டர் கெப்பாசிட்டர் ஸ்டாண்ட்பைக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது ஆம்ப்புக்கு ஆம்ப் மாறும். சர்க்யூட் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை நிமிடம் முதல் சில நிமிடம் கழித்துப் போனால்: வால்வு சூடான பிறகு வெளிப்படும் கோளாறு. பயாஸ் இல்லை, அல்லது வால்வுக்குள் சூட்டில் விரிந்து ஏதோ ஒன்று தொட்டுக்கொள்கிறது. இருட்டில் பவர் வால்வைப் பாருங்கள். உள்ளே உள்ள சாம்பல் நிறப் பிளேட் செக்கச் செவேல் என்று பழுத்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

சத்தமாக வாசிக்கும்போது மட்டும் போனால்: ஸ்க்ரீன் (வால்வுக்குள் பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் கம்பி வலை) பக்கம் பலவீனமான வால்வு, சாக்கெட்டில் பொறி பாய்வது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் விட்டுப்போனது. ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வால்வு ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் ஷார்ட் ஆவதைவிட ஸ்பீக்கர் வயர் கழன்றுபோவதுதான் பெரிய ஆபத்து. சுமை இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் வோல்டேஜ் பாய்ந்து போக ஓர் இடம் தேடும்.

இந்த நேரக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய அளவுமுறையில் வரும் ‘டி’ வகைக் கண்ணாடி ஃபியூஸ், தன் அளவைப் போல ஒன்றரை மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும். 2.1 மடங்கில்கூட 2 நிமிடம்வரை எடுத்துக்கொள்ளலாம். 500 மில்லிஆம்பியர் எச்.டி. ஃபியூஸ் இருக்கும் ஆம்ப்பில் ஒரு வால்வு மட்டும் 300 மில்லிஆம்பியர் இழுத்துப் பழுத்துக்கொண்டிருந்தால் ஃபியூஸ் வாயைத் திறக்காது. ஃபியூஸ் காப்பது டிரான்ஸ்ஃபார்மரையும் வீட்டையும்தான், வால்வை அல்ல.

சீரிஸ் போர்டு

மோட்டார் ரீவைண்டிங் கடைகளிலும் டிவி மெக்கானிக்குகளிடமும் இருக்கும் அதே சீரிஸ் போர்டுதான். ஒரு பல்பு ஹோல்டர், ஒரு பிளக் சாக்கெட், ஒரு சுவிட்ச். ஃபேஸ் வயர் சுவிட்சைத் தாண்டி பல்பின் வழியாகப் பிளக் சாக்கெட்டுக்குப் போகும். நியூட்ரலும் எர்த்தும் நேராகப் போகும். எர்த்தை விட்டுவிடாதீர்கள். பல்பு இழை உள்ள பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும், எல்இடி-யோ சிஎஃப்எல்-லோ உதவாது. 50 வாட் ஆம்ப்புக்கு 100 வாட் பல்பு, 15 முதல் 20 வாட் ஆம்ப்புக்கு 60 வாட் பல்பு. 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு முழுதாக எரியும்போது அதன் எதிர்ப்பு 529 ஓம். எனவே ஆம்ப்பில் எவ்வளவு மோசமான ஷார்ட் இருந்தாலும் அரை ஆம்பியருக்கு மேல் ஓடாது. ஃபியூஸ் செலவில்லை, டிரான்ஸ்ஃபார்மருக்குச் சூடும் இல்லை.

பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. ஹீட்டர் குளிர்ந்திருக்கும்போது சில நொடி பிரகாசமாக எரிந்து, பிறகு மெதுவாக ஆரஞ்சாகத் தணிவதும் சரிதான். ஸ்டாண்ட்பையைத் தட்டியதும் ஒரு முறை எழும்பி, நடுத்தர வெளிச்சத்தில் நிற்கலாம். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். பல்பு வழியாக ஓடும்போது உள்ளே எல்லா வோல்டேஜும் குறைந்திருக்கும். அந்த நிலையில் பயாஸ் வைக்கக் கூடாது. பல்பு இருப்பதால் ஷாக் அடிக்காது என்றும் நினைத்துவிடாதீர்கள்.

வால்வுகளைக் கழற்றிப் போட்டுத் தேடுவது

சேசிஸைத் திறக்காமலே முக்கால்வாசி முடிவுக்கு வரும் வேலை இது. வால்வு எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சரியான அளவில் ‘டி’ ஃபியூஸ்கள் ஐந்தாறு கையில் இருக்கட்டும். ஸ்பீக்கர் எப்போதும் இணைந்திருக்கட்டும்.

முதலில் பவர் வால்வு இரண்டையும் (ரெக்டிஃபையர் வால்வு இருந்தால் அதையும்) கழற்றிவிட்டு, சீரிஸ் போர்டு வழியாக ஆன் செய்யுங்கள். பல்பு மங்கினால் ஸ்டாண்ட்பையையும் தட்டுங்கள். இன்னும் மங்கலாகவே இருந்தால், டயோடு உள்ள ஆம்ப்பில் டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, ஃபில்டர் கெப்பாசிட்டர் மூன்றும் ஓரளவு பிழைத்தன. சந்தேகம் பவர் வால்வின் மேலும் பயாஸ் மேலும் விழுகிறது. பல்பு முழுதாக எரிந்தால் வால்வு குற்றவாளி அல்ல. சேசிஸைத் திறக்க வேண்டியதுதான்.

மங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்பை அணைத்து, ஒரே ஒரு பவர் வால்வை முதல் சாக்கெட்டில் போட்டு ஆன் செய்து, சூடேறிய பிறகு ஸ்டாண்ட்பையைத் தட்டுங்கள். சரியாக இருந்தால் அதே வால்வை இரண்டாம் சாக்கெட்டில். பிறகு அடுத்த வால்வை இதே போல். கோளாறு வால்வோடு சாக்கெட் மாறிப் போனால் வால்வு பழுது. எந்த வால்வைப் போட்டாலும் ஒரே சாக்கெட்டில்தான் கோளாறு என்றால் அந்தச் சாக்கெட்டின் பயாஸ், ஸ்க்ரீன், வயரிங். இரண்டு சாக்கெட்டிலும் எந்த வால்வும் பழுத்தால் பயாஸ் சப்ளையே இல்லை.

குளிர்ந்த வால்வை மீட்டரில் வைத்துப் பார்ப்பது பாதிச் சோதனைதான். இஎல்34-ல் 2, 7 எண் பின்களுக்கு இடையே மட்டும் ஹீட்டரின் ஓரிரு ஓம் காட்ட வேண்டும், வேறு எந்த இரண்டு பின்னுக்கு இடையிலும் தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் வால்வு போய்விட்டது. இல்லாவிட்டால் நல்ல வால்வு என்று பொருள் இல்லை. சூட்டில் மட்டும் தொட்டுக்கொள்ளும் வால்வுகள்தான் அதிகம்.

வால்வை மாற்றியதும் வேலை முடிந்துவிடாது

இஎல்34 ஆம்ப்புகளில் மிகச் சாதாரணமாக நடப்பது இது. வால்வு உள்ளே ஷார்ட் ஆகி, ஸ்க்ரீன் ரெசிஸ்டரைக் கருக்கி, பிறகு ஃபியூஸைப் போக்கும். புது வால்வும் புது ஃபியூஸும் போட்டால் ஆம்ப் பாடும். ஆனால் அந்தச் சாக்கெட்டில் ஸ்க்ரீனுக்கு வோல்டேஜ் வராமல் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். மார்ஷலில் 4-ஆம் பின்னுக்குப் போகும் ஸ்க்ரீன் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம், 5 வாட். 6எல்6 பவர் வால்வு உள்ள ஃபெண்டர் ஆம்ப்புகளில் சாக்கெட்டிலேயே இருக்கும் 470 ஓம், 1 வாட். இரண்டையும் அளந்து, 10 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது போர்டிலிருந்து சில மில்லிமீட்டர் தூக்கி வையுங்கள்.

பிறகு சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். 3-ஆம் பின் பிளேட், அதற்குப் பக்கத்துப் பின் 2 ஹீட்டர். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்த ஆம்ப்பில் பொறி பாய்வது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். பாய்ந்த இடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். அது கரி, மின்சாரம் கடத்தும். அடுத்த முறை பொறி பாயக் குறைந்த வோல்டேஜே போதும். சுரண்டித் துடைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள், சாக்கெட்டையே மாற்றுங்கள். செராமிக் சாக்கெட் நல்லது. ஹீட்டர் வயரிலிருந்து சேசிஸுக்குப் போகும் 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு உள்ள ஆம்ப்புகளில், அவற்றில் ஒன்று கருகியிருந்தால் பிளேட்டிலிருந்து ஹீட்டருக்குப் பாய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

சில ஆம்ப்புகளில் இந்த வோல்டேஜ் எழுச்சியைத் தடுக்க ஒவ்வொரு பிளேட்டிலிருந்தும் சேசிஸுக்கு டயோடுகள் வரிசையாக இருக்கும். காவலுக்குப் போட்ட அந்த டயோடே ஷார்ட் ஆகிவிட்டால் எச்.டி. முழுதும் சேசிஸுக்குப் போகும். வால்வு இல்லாமலே ஃபியூஸ் போகும்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகிக்கும் முன் இந்த டயோடுகளின் ஒரு காலைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். வீணாக மாற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர்கள் இதனால் உண்டு.

பயாஸ்

பவர் வால்வு இரண்டையும் கழற்றிவிட்டு, சின்ன வால்வுகளை விட்டுவைத்து ஆன் செய்யுங்கள். இரண்டு சாக்கெட்டிலும் 5-ஆம் பின்னில் (வால்வைக் கட்டுப்படுத்தும் கிரிட்) மைனஸ் வோல்டேஜ் இருக்க வேண்டும். இஎல்34-க்கு ஏறத்தாழ மைனஸ் 35 முதல் 45, டீலக்ஸ் ரிவெர்ப்பின் 6வி6-க்கு மைனஸ் 35 அளவில், ட்வின் ரிவெர்ப்பின் 6எல்6-க்கு மைனஸ் 50 அளவில். 

இரண்டிலும் பூஜ்யம் என்றால் பயாஸ் டயோடு, பயாஸ் கெப்பாசிட்டர், பயாஸ் அளவைத் திருகி வைக்கும் ட்ரிம் பாட் மூன்றையும் பாருங்கள். கெப்பாசிட்டர் வறண்டிருந்தால் வோல்டேஜ் குறைந்திருக்கும், ஹம் கூடியிருக்கும். இங்கே பாசிட்டிவ் முனைதான் சேசிஸுக்கு. பழக்க தோஷத்தில் திருப்பிப் போட்டு வெடிக்க வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு சாக்கெட்டில் மட்டும் இல்லை என்றால் கிரிட் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், அல்லது சாக்கெட்டில் 5-ஆம் பின்னின் பிடி தளர்ந்திருக்கலாம். பிடி தளர்ந்த ஒரு பின் ஒரு கணம் விட்டுப்போனாலும் அந்த வால்வு கட்டுப்பாடின்றி இழுக்கும். எல்லாம் காலியான நிலையில் ஊசியால் உள் தகட்டை நெருக்கிவிட்டு, கான்டாக்ட் க்ளீனர் அடியுங்கள்.

ஒரு சாக்கெட்டில் மற்றதைவிட ஒன்றிரண்டு வோல்ட் குறைவாகக் காட்டினால் கப்ளிங் கெப்பாசிட்டர் (முந்தைய வால்வின் சிக்னலை மட்டும் விட்டு டிசி-யைத் தடுப்பது) கசிகிறது. மார்ஷலில் 0.022 மைக்ரோஃபாரட், ஃபெண்டரில் பெரும்பாலும் 0.1. முந்தைய வால்வின் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட பாசிட்டிவ் வோல்டேஜில் கொஞ்சம் கசிந்து பயாஸைத் தின்கிறது. கெப்பாசிட்டரின் கிரிட் பக்கக் காலைத் தூக்கி, அந்தக் காலுக்கும் சேசிஸுக்கும் இடையே டிசி அளங்கள். ஆன் செய்ததும் ஏறிய எண் இறங்கி மில்லிவோல்ட்டில் நின்றால் நல்லது. சில வோல்ட்டில் நின்றால் 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டராக மாற்றிவிடுங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆம்ப் சூடேறி பத்து நிமிடம் ஆன பிறகு மறுபடி அளப்பது அவசியம். குளிரில் நல்லவனாக நடிக்கும் கெப்பாசிட்டர்கள் உண்டு.

டயோடும் ஃபில்டர் கெப்பாசிட்டரும்

வால்வே இல்லாமல் பல்பு முழுதாக எரிந்ததா? எல்லாவற்றையும் காலியாக்கிவிட்டு மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். ஒரு பக்கம் 0.5 முதல் 0.7, திருப்பினால் ஒன்றும் காட்டக் கூடாது. சிலிக்கான் டயோடு பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும்; இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டும். ஒன்று போனால் கூடவே இருப்பவையும் அடி வாங்கியிருக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். 1என்4007 தாங்குவது 1,000 வோல்ட். நடு டேப் (சுற்றின் நடுவிலிருந்து எடுத்த வயர்) உள்ள 350-0-350 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒவ்வொரு பக்க டயோடின் மேலும் எதிர்த்திசையில் 990 வோல்ட் விழும். அங்கே பக்கத்துக்கு ஒன்று போட்டால் மின்சாரம் கொஞ்சம் ஏறும் இரவில் போய்விடும். பக்கத்துக்கு இரண்டு வரிசையாகப் போடுங்கள். சென்னை ரிட்சி தெருவில் ஒரு டீ விலைக்குக் கைநிறையக் கிடைக்கும் பொருளில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஃபில்டர் கெப்பாசிட்டரை ஓம் நிலையில் பார்த்தால் எண் குறைவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போக வேண்டும். சில நூறு ஓமில் நின்றுவிட்டால் ஷார்ட். ஆனால் மீட்டரின் ஒன்றிரண்டு வோல்ட்டில் நன்றாக இருந்து 450 வோல்ட்டில் கசியும் கெப்பாசிட்டரும் இருக்கிறது. தலைப்பக்கம் உப்பியிருப்பது, ரப்பர் அடைப்பில் பழுப்புக் கறை, பல்பு வழியாகப் பத்து நிமிடம் ஓட்டியதும் உடல் சுடுவது ஆகியவை அடையாளம். 20 வயதைத் தாண்டிய கெப்பாசிட்டருக்கு விசாரணையே வேண்டாம், மொத்தமாக மாற்றிவிடலாம். மைக்ரோஃபாரட் மதிப்பைக் கூட்டாதீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மர்

கடைசியில் சந்தேகிக்க வேண்டியது. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் எல்லா வெளிச் சுற்று (செகண்டரி) வயர்களையும் குறித்துக்கொண்டு கழற்றி, முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி, 60 வாட் பல்பு வழியாகப் பிரைமரிக்கு (மெயின்ஸ் பக்கச் சுற்றுக்கு) மட்டும் மின்சாரம் கொடுங்கள். பல்பு எரியக் கூடாது. எரிந்தால் உள்ளே சுற்றுகள் ஷார்ட். ரீவைண்டிங் அல்லது மாற்று. எரியாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் நல்லது. ஒவ்வொரு சுற்றாக இணைத்துக்கொண்டே வாருங்கள். ஹீட்டர் சுற்றை இணைத்ததும் பல்பு எரிந்தால் முதலில் பைலட் லாம்ப் ஹோல்டரைப் பாருங்கள். பழைய ஃபெண்டர்களில் அந்தச் சின்ன ஹோல்டர் வளைந்து ஷார்ட் ஆவது அதிகம்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் நடு டேப்பிலிருந்து ஒவ்வொரு பிளேட் வயருக்கும் சில பத்து ஓம் காட்டும். இரண்டும் சரிசமமாக இருக்காது. உள்சுற்றின் கம்பி நீளம் குறைவு என்பதால் 10 சதவீத வித்தியாசம் இயல்புதான். பிரைமரிக்கும் சேசிஸுக்கும் இடையே, எச்.டி. வயரைக் கழற்றிய பின், தொடர்பே இருக்கக் கூடாது. இதை மீட்டரால் பார்ப்பதைவிட எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பார்ப்பது மேல். உள்சுற்று ஷார்ட்டை ஓம் காட்டாது. அதற்குப் பிரைமரி வயர்களையும் ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, தனியாக ஒரு 6 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரை 16 ஓம் டேப்பில் கொடுங்கள். பிரைமரி 3,400 ஓம் என்றால் சுற்று விகிதம் 14.6; இரண்டு பிளேட் வயருக்கும் இடையே 88 வோல்ட் அளவில் வர வேண்டும், நடு டேப்பிலிருந்து பாதிப் பாதி. தொடாதீர்கள், 88 வோல்ட்டும் அடிக்கும். வோல்டேஜ் எழாமல் அந்த 6 வோல்ட்டே சரிந்துபோனால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது.

டீலக்ஸ் ரிவெர்ப் வகையும், அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப்பும்

எச்.டி. ஃபியூஸ் இல்லாததால் இங்கே எந்தக் கோளாறுக்கும் மெயின்ஸ் ஃபியூஸ்தான் பலி. கூடுதல் சந்தேக நபர் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வு. அதைக் கழற்றினால் ஃபியூஸ் நிற்கிறது, பவர் வால்வு இல்லாமல் அதை மட்டும் போட்டால் போகிறது என்றால் ரெக்டிஃபையரோ ஃபில்டர் கெப்பாசிட்டரோதான். இன்னொரு ரெக்டிஃபையரைப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஜிஇசட்34-க்கு அடுத்து வரும் முதல் கெப்பாசிட்டர் 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது. மற்ற ரெக்டிஃபையர் வால்வுகளில் 5யு4ஜிபி-க்கு 40, 5ஒய்3-க்கு 20. ஹம் குறையும் என்று யாரோ 100 போட்டிருந்தால், ஸ்டாண்ட்பையைத் தட்டும்போதெல்லாம் வால்வுக்குள் நீலப் பொறி பறக்கும். அளவை இறக்குங்கள். கூடவே ரெக்டிஃபையர் சாக்கெட்டின் 4, 6 பின்களுக்குப் போகும் வயர் ஒவ்வொன்றிலும் இரண்டு 1என்4007 வரிசையாகச் சேர்த்துவிட்டால், ரெக்டிஃபையர் ஷார்ட் ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மர் தப்பும். அந்த வால்வின் 5 வோல்ட் ஹீட்டர் வயரில் முழு எச்.டி. உட்கார்ந்திருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

பழைய ஃபெண்டர்களில் மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். இரண்டு பின் பிளக் காலத்தில் ஹம்மைக் குறைக்கப் போட்டது. ஷார்ட் ஆனால் சேசிஸும் கிட்டாரின் கம்பிகளும் லைனாகிவிடும். மூன்று பின் பிளக் போட்டு எர்த்தைச் சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்கிவிட்டு, அந்தக் கெப்பாசிட்டரை வெட்டி எடுத்துவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப்பை நேராக 230-ல் செருகினால் ஃபியூஸ் அந்தக் கணமே போகும். சரியான ஃபியூஸ் இருந்திருந்தால் பெரும்பாலும் ஆம்ப் பிழைத்திருக்கும்; மேலே சொன்ன வால்வில்லாச் சோதனையிலிருந்து தொடங்குங்கள், ஆனால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக. ஸ்டெப் டவுன் ஆம்ப் இழுப்பதைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். உள்ளே 230 வோல்ட் டேப் இருக்கிறதா என்று வயர் நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள், அந்த மாடலின் சர்க்யூட் படத்தைப் பாருங்கள். இருந்து மாற்றினால் மெயின்ஸ் ஃபியூஸையும் பாதியாக்க வேண்டும்: 120 வோல்ட்டில் 2 ஆம்பியர் இருந்த டீலக்ஸ் ரிவெர்ப்புக்கு இங்கே 1 ஆம்பியர். எச்.டி. ஃபியூஸ் இருந்தால் அது மாறாது.

மறுபடி ஃபியூஸ் போடும்போது

5×20 மில்லிமீட்டரா, 6.3×32 மில்லிமீட்டரா என்று பார்த்து, அச்சிட்ட அதே ஆம்பியர், அதே ‘டி’, 250 வோல்ட். வீட்டு ஃபியூஸ் கட்டையில் நாலு இழைக் கம்பியைச் சேர்த்துச் சுற்றிச் சமாளிப்பதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதும் இங்கே வேண்டாம். 500 மில்லிஆம்பியர் ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 460 வோல்ட்டில் 230 வாட் போக முடியும், அதுவே நிறைய. 2 ஆம்பியர் போட்டால் 920 வாட்டுக்கு வழிவிடுகிறீர்கள். அப்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் மயிரிழைக் கம்பிதான் ஃபியூஸ்.

பழுதைச் சரிசெய்த பின் முதலில் பல்பு வழியாகவும், பிறகு நேரடியாகவும் ஆன் செய்து பயாஸ் வையுங்கள். பவர் வால்வின் 8-ஆம் பின்னிலிருந்து சேசிஸுக்கு 1 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போட்டால் ஒரு மில்லிவோல்ட் ஒரு மில்லிஆம்பியர். இஎல்34-ஜோடியின் 8-ஆம் பின்னோடு 1-ஆம் பின்னும் சேர்ந்திருக்க வேண்டும். இஎல்34-ன் உச்சம் 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5 வாட். 460 வோல்ட்டில் 38 மில்லிஆம்பியர். ரெசிஸ்டரில் ஸ்க்ரீன் மின்னோட்டமும் சில மில்லிஆம்பியர் சேர்ந்து காட்டும். இரண்டு வால்வுக்கும் இடையே 5 மில்லிஆம்பியருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சாக்கெட் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் வால்வோடு போகிறதா, சாக்கெட்டிலேயே நிற்கிறதா என்பது மறுபடி அதே கேள்விதான்.

ஸ்பீக்கருக்குப் பதிலாக டேப்புக்கு ஏற்ற 8 அல்லது 16 ஓம், 100 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரைப் போட்டு, சிக்னல் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பயாஸ் மில்லிவோல்ட்டைக் குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் பத்து நிமிடத்தில் சற்று ஏறி அப்படியே நின்றால் மூடியை மாட்டலாம். அரை மணிக்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் கப்ளிங் கெப்பாசிட்டருக்குத் திரும்பிப் போங்கள்.